படிப்பவரும் பயன் சொல்பவரும்: திருகோணமலைக் குடும்பமொன்றின் கூட்டு வாசிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரை அடுத்த உப்புவெளிப் பக்கத்தில் வாழும் ஒரு குடும்பம், 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தில் தொடங்கி, இடையில் கைவிட்டு, பின்பு வேறொரு வடிவில் மீண்டும் கைக்கொண்ட கூட்டு வாசிப்பைப் பற்றியது இந்த ஆய்வு. அக்குடும்பத்தாரை நான் நெடுங்காலமாக அறிவேன். வாசிப்பு நடந்த மாலைகள் சிலவற்றில் உடனிருந்தேன். ஏனையவற்றை அவர்கள் சொல்லக் கேட்டறிந்தேன். அடையாளம் வெளிப்படாதிருக்கும்பொருட்டுப் பெயர்களைத் தவிர்த்து, சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு வீட்டில் நடந்ததை வைத்து ஊருக்கெல்லாம் விதி சொல்ல முடியாது. ஆயினும், ஒரு குடும்பத்தில் சேர்ந்து வாசிக்கும் வழக்கம் எதனால் நிலைக்கிறது, எதனால் நின்றுபோகிறது என்ற கேள்விக்கு, நாம் வழக்கமாகச் சொல்லும் விடைகள் போதா என்பதை இந்த நிகழ்வு காட்டுகிறது. இவ்வீட்டாரை ஒரே பாயில் உட்காரவைத்தது சேர்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை என்று நான் கருதவில்லை. ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தது. அந்த நிலை இருந்த வரையில் வாசிப்பு நடந்தது, அது நீங்கியதும் நின்றது, வேறொருவரிடம் புதிய குறையொன்று தெரிந்தபோது மீண்டும் தொடங்கியது.

வீட்டார்

வீட்டில் இருப்பவர்கள் நால்வர்: எழுபது வயதைக் கடந்த அம்மம்மா, அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராகப் பணியாற்றும் அவருடைய மகள், அந்த மகளின் பிள்ளைகள் இருவர். 2022இல் மூத்தவள் ஒன்பதாம் தரத்திலும், இளையவன் ஐந்தாம் தரத்திலும் படித்துக்கொண்டிருந்தனர். பிள்ளைகளின் தந்தை கட்டாரில் மின் இணைப்பு வேலை செய்கிறார். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவர். நீண்ட இடைவெளிகளில்தான் லீவில் வருவார்.

அம்மம்மா பாடசாலையில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனாலும் அவருடைய தமிழ் அந்த வகுப்போடு நின்றுவிடவில்லை. அவருடைய தந்தையார் கோயிலில் புராணம் படித்தவர். வீட்டில் அவர் ஒத்திகை பார்க்கும்போது பக்கத்திலிருந்து கேட்டுக் கேட்டு, பொருள் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும், நூற்றுக்கணக்கான பாட்டுகள் அம்மம்மாவின் காதில் ஏறிவிட்டன. கோணேசர் மீது திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். கார்த்திகை, மார்கழி மாதங்களில் 21 நாள் நடக்கும் பிள்ளையார் பெருங்கதை விரதத்தின்போது கதை படிக்கும் இடத்தில், படிப்பவர் ஒரு சீரை விழுங்கினாலும் அவர் முகம் சுளிப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டுப் புத்தகங்களோ இரண்டு தடவை அழிந்தன. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது குடும்பம் வெளியேறி, படகேறி, மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டுச் சில ஆண்டுகளைத் தமிழ்நாட்டில் கழித்தது. திரும்பி வந்தபோது தந்தையாரின் பெட்டி இருந்த இடத்தில் இல்லை. அதன்பின் சிறுகச் சிறுகச் சேர்த்தவற்றை 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுபோயிற்று.

இந்த வரலாற்றில் நான் முக்கியமாகக் கருதுவது நடுத் தலைமுறையை, அதாவது பிள்ளைகளின் தாயாரை. ஊரை விட்டுப் போகும்போது அவருக்கு எட்டு வயது. படித்துக் காட்ட ஆளும் நூலும் இருந்த வீடு ஒன்று இருந்தது என்பதே அவருக்குச் செவிவழிச் செய்தி. இடம்பெயர்ந்து வளர்ந்த பலரைப்போல, அவர் அறிந்த மதிப்புமிக்க தாள்கள் பிறப்புச் சான்றிதழும் பரீட்சைப் பெறுபேறும்தான். அவற்றைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய பழக்கம், பிற்காலத்தில் பிள்ளைகளின் ரியூசன் கால அட்டவணையைச் சுவரில் ஒட்டி வைத்துக் காக்கும் பழக்கமாக மாறியிருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தத் தாள்கள்தாம் அவருக்கு வேலை வாங்கித் தந்தன, வீட்டைக் கட்டித் தந்தன. ஆனால், வாசிப்பு என்பது மதிப்பெண்ணாக மாற வேண்டிய ஒன்று என்ற அவருடைய எண்ணம் பின்னால் நடந்தவற்றுக்கு ஒரு காரணமாயிற்று.

பழைய முறை ஒன்று

ஈழத்துச் சைவக் கோயில்களில் புராணம் படிக்கும் முறையை அறியாத இளையோருக்காக அதைச் சிறிது விளக்க வேண்டும். கந்தபுராணமோ திருவாதவூரடிகள் புராணமோ படிக்கப்படும்போது இருவர் அமர்வார்கள். ஒருவர் பாட்டை இராகத்தோடு படிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது சொற்களைப் பிரித்து, பொருளை விரித்து, கேட்டிருப்பவர்களின் நிலைக்கு இறக்கித் தருவார். படிப்பவருக்குக் குரலும் ஏட்டுப் பயிற்சியும் வேண்டும்; பயன் சொல்பவருக்கு இலக்கணமும் உலக அனுபவமும் வேண்டும். ஒருவரிடமே இரண்டும் இருந்தாலும் அவர் தனியாக இரண்டையும் செய்வதில்லை. படித்தவர் தவறினால் பயன் சொல்பவர் நிறுத்துவார். பயன் சொன்னவர் அளவு கடந்து போனால், படிப்பவர் அடுத்த பாட்டை எடுத்து அவரை அடக்குவார். சுற்றியிருந்து கேட்பவர்களும் சும்மா இருப்பதில்லை. கிழக்கிலங்கைக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசியில் வழக்குரை படிக்கும்போதும், கதையை முன்பே அறிந்த கூட்டம் சூழ்ந்திருந்து கேட்பதை இன்றும் காணலாம்.

இவ்வகைப் படிப்புக்குக் கோயில்களில் ஆள் குறைந்துவருகிறது என்பது ஊரறிந்தது. அந்த முறை ஒரு வீட்டுக்குள் யாரும் திட்டமிடாமல் புகுந்துகொண்டதுதான் இந்த நிகழ்வு.

மின்வெட்டு மாலைகள்

2022 பெப்ரவரியின் பிற்பகுதியிலிருந்து நாடு முழுவதும் வலயம் வலயமாக மின்சாரம் நிறுத்தப்பட்டது. மார்ச் 31ஆம் திகதி அது 13 மணித்தியாலத்தை எட்டியது. மின்சாரம் நீண்ட நேரம் இல்லாதபோது தொலைபேசிக் கோபுரங்களின் மின்கலமும் தீர்ந்து சமிக்ஞை மறைந்துவிடும். மண்ணெண்ணெய்க்கு வரிசை, மெழுகுதிரி விலை ஏறிவிட்டது, கடதாசி இறக்குமதிக்கு டொலர் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன, சில செய்தித்தாள்கள் சனிக்கிழமைப் பதிப்பை நிறுத்தின, கொப்பி விலையைக் கேட்டுவிட்டுப் பெற்றோர் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒரு நாடு முழுவதும் எழுதத் தாளின்றித் தவித்த அந்த மாதங்களில் இந்த வீட்டில் வாசிப்பு தொடங்கியது விந்தைதான்.

தொடக்கம் மிகச் சாதாரணமானது. அம்மம்மாவுக்கு இரு கண்ணிலும் கண்புரை முற்றியிருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருந்தும், பெருந்தொற்றினாலும் அதன்பின் வந்த மருந்துத் தட்டுப்பாட்டினாலும் அரச வைத்தியசாலைகளில் அவசரமற்ற சத்திரசிகிச்சைகள் பல தள்ளிப்போடப்பட்டிருந்தமையால் அவர் காத்திருந்தார். வெள்ளிக்கிழமை மாலையொன்றில், மின்சாரமும் இல்லாமல் கைபேசியும் உயிரற்றுக் கிடந்தபோது, தேவாரத் திரட்டைப் பேத்தியிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் அவள் கோணேசர் பதிகத்தை வாசித்தாள். சந்தி பிரிக்கத் தெரியாமல், எழுத்துக் கூட்டி, ளகரத்தையும் லகரத்தையும் மாற்றி மாற்றி வாசித்தாள். அம்மம்மா கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொரு பிழையையும் திருத்தினார். புத்தகத்தைப் பார்க்க முடியாதவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பவளைத் திருத்துகிறாரே என்று பேத்திக்கு முதலில் ரோசமும் பிறகு வியப்பும் வந்திருக்கின்றன. "நீ வாசி பிள்ளை, கருத்தை நான் சொல்லுறன்" என்று அம்மம்மா சொன்னது அன்றுதான். பின்னர் அதுவே வீட்டின் வழக்கமாயிற்று.

அந்தப் பதிகத்தில், கடல் அலைகள் சந்தனக் கட்டையையும் அகில் துண்டுகளையும் மணிகளையும் வாரிவந்து, முத்துகளைக் கரையில் கொழிக்கும் என்று வருகிறது. இளையவன் குறுக்கிட்டு, எங்கள் கடலில் முத்து எங்கே இருக்கிறது, நெத்தலிதானே இருக்கிறது என்று கேட்டான். அதற்குப் பயன் சொல்லத் தொடங்கிய அம்மம்மா, கடல் எதையெல்லாம் கரைக்குக் கொண்டுவரும், எதையெல்லாம் கொண்டுபோகும் என்று போய், கடைசியில் 1990இல் படகேறிய இரவுக்கு வந்துவிட்டார். பிள்ளைகள் அதை அதுவரை கேட்டதில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தாயார், அன்று தன்னைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கியவர் மாமா என்று அம்மம்மா சொன்னதைக் கேட்டு, கை ஈரத்தோடு வெளியே வந்து, "இல்லையம்மா, அப்பாதான் தூக்கினவர், எனக்கு நல்ல ஞாபகம்" என்றார். அது பற்றித் தாயும் மகளும் நெடுநேரம் வாதாடினார்கள். நான் இந்த ஒரு காட்சியில் சற்றுத் தங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த இரவைப் பற்றி நேருக்கு நேர் கேட்டிருந்தால் அம்மம்மா வாய் திறந்திருக்கமாட்டார். முன்பு யாரோ கேட்டபோது திறக்கவும் இல்லை. ஒரு பழம்பாட்டின் பொருளைச் சொல்லும் கடமை அவரை அங்கே கொண்டுபோய் விட்டது. தன் கதையைச் சொல்கிறோம் என்ற கூச்சம் இல்லாமல், பாட்டுக்கு உரை சொல்கிறோம் என்ற நிமிர்வோடு அவரால் அதைச் சொல்ல முடிந்தது.

பதிகங்களுக்குப் பிறகு ஒரு நாவல். திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த, நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட மோகனாங்கி, தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலராலும் குறிக்கப்படுவது. அவருடைய தமையனார் தி. த. கனகசுந்தரம்பிள்ளை பதிப்புத்துறையில் பெயர்பெற்ற புலவர். அண்மைக்கால மீள்பதிப்பொன்றைத் தாயாரின் அலுவலகத் தோழி இரவல் கொடுத்தார், எங்கள் ஊர்க்காரர் எழுதியது என்ற பெருமைக்காகத்தான். நூற்றாண்டுக்கு முந்திய உரைநடை பேத்திக்குக் கல்லும் முள்ளுமாக இருந்தது. எழுத்தை வாசிக்க அவளால் முடியும்; பொருளை எடுக்க முடியாது. அம்மம்மாவோ பொருளை எடுப்பார், எழுத்தைக் காணமாட்டார். மின்வெட்டு நேரத்தில் இருவரும் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பக்கம் நகர்ந்தார்கள். ஒரு நூலக அதிகாரி பார்த்தால் இதை இரவல் பதிவேட்டில் ஒரே ஒரு நூலாகத்தான் எழுத முடியும். வாசிப்பை எண்ணிக்கையால் அளக்கும் நம் வழக்கத்தைப் பற்றி எனக்கு உள்ள ஐயம் அந்த நாட்களில் வலுப்பட்டது.

பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் கிண்ணியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தார். இருட்டில் தனியே இருப்பதற்குப் பதிலாக, அந்த வீட்டு இளம் மனைவியும் கைக்குழந்தையோடு வந்து திண்ணையில் இருப்பார். ஏப்ரல் தொடக்கத்தில் நோன்பு ஆரம்பித்ததும் நோன்புக் கஞ்சி ஒரு சட்டி இந்தப் பக்கம் வரும்; வாசிப்பு நேரம் அவருக்காக நோன்பு திறந்த பிறகு என்று மாறியது. கதையில் வரும் அரண்மனைச் சூழ்ச்சிகளைத் தன் மாமியார் வீட்டு நடப்போடு ஒப்பிட்டு அவர் சொல்லும் கருத்துகள் அம்மம்மாவின் உரையைவிடச் சுவையானவை என்று பேத்தி இன்றும் சொல்வாள்.

தந்தையைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கட்டார் நேரம் இலங்கை நேரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அவர் வேலை முடிந்து அழைக்கும் வேளையில் இங்கே சமிக்ஞை இருக்காது. ஆகவே மின்சாரம் உள்ள பகலில் அனுப்புவதற்காக, முதல் நாள் வாசிப்பின் ஒரு பகுதியைக் கைபேசியில் பதிவு செய்து வட்ஸ்அப்பில் அனுப்பத் தொடங்கினாள் மகள். வீட்டார் சுகமாக இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கான பதிவு அது. அவர் வேலைத்தளத்துக்குப் போகும் பேருந்தில் அதைக் கேட்பார் என்பதற்கு மேல் அப்போது எவரும் அதை எண்ணவில்லை.

நின்றுபோனது

முதல் விரிசல் அக்டோபரில் வந்தது. இலங்கையில் அக்டோபர் தேசிய வாசிப்பு மாதம்; பாடசாலைகளில் பேச்சு, கட்டுரை, கண்காட்சி எல்லாம் நடக்கும். வீட்டில் நடப்பதை அறிந்த ஆசிரியை ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், பேத்தியை அதுபற்றிப் பேச வைத்தார். பரிசும் கிடைத்தது. அதைக் கண்ட தாயாருக்கு வாசிப்பின் பயன் கண்முன் தெரிந்துவிட்டது. அவ்வாண்டு ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை டிசம்பர் 18ஆம் திகதி நடக்கவிருந்தது. அதற்கு உதவும் என்று இளையவனையும் கட்டாயமாக உட்காரவைத்து, புதிய சொற்களைக் கொப்பியில் எழுதச் சொல்லி, வாசித்து முடிந்ததும் கேள்வி கேட்டார். முத்து எங்கே என்று குறுக்கிட்டுக்கொண்டிருந்த பையன் வாய் மூடிக்கொண்டான். சில வாரங்களில் தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி எழுந்துபோகவும் தொடங்கினான். வாசிப்பு மாதங்களால் வாசகர் உருவாவதை நான் அதிகம் கண்டதில்லை. உருவாகியிருந்த இரு வாசகரில் ஒருவரை அது விரட்டியதை இங்கே கண்டேன்.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு நல்ல காரியங்கள் ஏறக்குறைய ஒன்றாக நடந்தன. 2023 பெப்ரவரி நடுப்பகுதியில், மின் கட்டணத்தை 66 வீதம் உயர்த்திய கையோடு, திட்டமிட்ட மின்வெட்டு முடிவுக்கு வந்தது. அதே காலத்தில் அம்மம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்து, பார்வை தெளிவாகத் திரும்பியது. மகிழ்ச்சியில் அவர் காலையில் வீரகேசரியை முதற்பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை ஒரு வரி விடாமல் வாசித்தார். நாவலையும் எடுத்துத் தானே வாசித்துப் பார்த்தார். பேத்திக்கு இப்போது மாலையில் மின்சாரமும் இணையமும் இருந்தன. பத்தாம் தரப் பாடங்களும் இருந்தன. யாரும் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. வாசிப்பை நிறுத்துவதாக யாரும் முடிவெடுக்கவுமில்லை. கதை முடிவதற்குப் பல அத்தியாயங்கள் இருந்த நிலையில் வாசிப்பு இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். அக்காலத்தில் நான் ஒருநாள் போயிருந்தபோது, முன்னறையில் நால்வரும் இருந்தார்கள்: அம்மம்மா பத்திரிகையோடு, தாயார் அலுவலகக் கோப்போடு, மகள் காதில் கருவியோடு, பையன் தொலைக்காட்சியோடு. சுகம் விசாரித்தபோது அம்மம்மா, "கண் வந்திட்டுது, பிள்ளை போயிட்டாள்" என்றார். முறைப்பாடாகச் சொல்லவில்லை, செய்தியாகத்தான் சொன்னார்.

இதை வைத்துக் கைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த வீட்டில் கைபேசி 2022இலும் இருந்தது, பதிவு செய்து அனுப்பும் கருவியாக வாசிப்போடு சேர்ந்தும் இருந்தது. மாறியது கைபேசியன்று. பாட்டிக்குப் பேத்தியின் கண் தேவைப்படவில்லை. பாடநூலுக்கு வெளியே எதையும் வாசிக்க வேண்டிய நிலை இல்லாதபோது பேத்திக்குப் பாட்டியின் உரையும் தேவைப்படவில்லை. குறை தீர்ந்தது, அதனால் கூட்டு கலைந்தது.

கட்டாரிலிருந்து வந்த கேள்வி

பல மாதங்களுக்குப் பிறகு தந்தையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. பணம் அனுப்பியது, பையனின் பள்ளிச் சப்பாத்து முதலிய வழக்கமான செய்திகளின் முடிவில், அந்தக் கதை என்னவாயிற்று, ஏன் பிறகு அனுப்பவில்லை என்று கேட்டிருந்தார். தொழிலாளர் முகாமில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர்கள் ஒரு மட்டக்களப்புக்காரரும் ஒரு தமிழ்நாட்டுக்காரரும். பேருந்தில் கேட்ட பதிவுகளை இரவில் அறையில் ஒலிக்கவிட, அவர்களும் கதையில் இறங்கிவிட்டார்களாம். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் நாயக்கர் வரலாற்றில் தனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிவை ஊகிக்க, மட்டக்களப்புக்காரர் மறுக்க, இருவருக்கும் இடையில் பந்தயம்வரை போயிருக்கிறது. வீட்டார் சுகமாக இருப்பதற்கு அடையாளம் என்று அனுப்பப்பட்ட பதிவுக்கு, அங்கே வேறொரு பெறுமதி இருந்ததை இவர்கள் அறியவில்லை.

மீண்டும் தொடங்கியபோது முறை தலைகீழாயிற்று. அம்மம்மா இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு தானே படித்தார், தந்தையாரிடமிருந்து கேட்ட இழுவையோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. ஆனால் அந்த நடை கட்டாரில் இருப்பவர்களுக்கு விளங்கவில்லை. "மாமி வாசிக்கிறது காதுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன சொல்லுறா எண்டு விளங்கேல்ல" என்று மருமகன் பதில் அனுப்பினார். ஆகவே பயன் சொல்லும் வேலை பேத்தியிடம் வந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பின்னால், தந்தைக்கும் அவருடைய தோழர்களுக்கும் விளங்கும் பேச்சுத் தமிழில் அவள் கதையைச் சொல்ல வேண்டும். தனக்கு விளங்காததைப் பிறருக்குச் சொல்ல முடியாது என்பதால் அவள் மறுபடி அம்மம்மாவிடம் கேட்டாள். பரீட்சைக்காகக் கேட்கும் கேள்வியிலிருந்து அது வேறுபட்டது. கேட்டு, தன் சொல்லில் மாற்றி, சிலவேளை அம்மம்மா சொன்ன பொருளை ஏற்காமல் மறுத்து, அவள் சொன்னாள். பதிவுப் பொறுப்பைப் பையன் எடுத்துக்கொண்டான். நாய் குரைத்தால் நிறுத்துவது, கோட்டைப் பக்கமிருந்து வரும் காற்று ஒலியில் இரையாதபடி யன்னலைச் சாத்துவது, குதிரை வரும் இடத்தில் சிரட்டைகளைத் தட்டுவது எல்லாம் அவன் வேலை. யாரும் அவனைக் கொப்பி எடுக்கச் சொல்லவில்லை. தாயாரும் வந்து இருந்தார். தன் கணவருக்குப் போகிற பதிவு ஆகையால், முடிவில் ஒரு வார்த்தையாவது அவர் பேச வேண்டியிருந்தது. கணவனும் மனைவியும் பணக்கணக்கைத் தவிர வேறொன்றைப் பற்றிக் கருத்து வேறுபட்டது அந்தப் பதிவுகளில்தான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

நாவல் முடிந்தது. பந்தயத்தில் வென்றவர் மட்டக்களப்புக்காரர்.

கருத வேண்டியவை

தனிமை என்பது இன்று உலக அளவில் சுகாதாரப் பிரச்சினையாகப் பேசப்படுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் சமூக இணைப்புக்கென ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. 2025 ஜூனில் வெளிவந்த அதன் அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாகக் கூறுகிறது. ஒரே கூரையின்கீழ் நால்வர் இருந்தும் பேச்சற்றிருந்த அந்த முன்னறையை இத்தகைய கணக்குகளில் எங்கே சேர்ப்பது என்பது எளிதான கேள்வியன்று. அம்மம்மாவைக் கேட்டிருந்தால் தான் தனிமையில் இருப்பதாகச் சொல்லியிருக்கமாட்டார்.

கூட்டு வாசிப்பு இதற்குத் தரும் துணையைப் பற்றி வெளியே அனுபவம் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பேர்க்கன்ஹெட்டில் 2002இல் ஜேன் டேவிஸ் தொடங்கிய வாசிப்புக் குழுக்கள், நூலகங்கள், முதியோர் இல்லங்கள், சிறைகள்வரை பரவின. அங்கே ஒருவர் உரக்க வாசிப்பார், இடையிடையே நிறுத்துவார், விரும்பியவர் பேசலாம். முன்கூட்டியே படித்து வரவேண்டியதில்லை. நம் புராணப் படிப்போடு இதற்கு ஒற்றுமை தெரிகிறது, ஆனால் ஒரு வேறுபாடும் உண்டு. அங்கே பேசுவது விருப்பம். இங்கே ஒருவருக்குப் பொருள் சொல்ல வேண்டிய பொறுப்பு இருக்கிறது, அவர் இல்லாவிட்டால் படிப்பு நகராது. முன்பின் அறியாதவர்கள் கூடும் குழுவுக்கு முன்னது பொருந்தலாம். குடும்பத்துக்கு, அதிலும் ஒருவரோடொருவர் பேச எதுவும் இல்லை என்று தாமே நம்பிவிட்ட குடும்பத்துக்கு, பின்னது பொருந்துகிறது என்பது என் கருத்து.

சிறுவர் வாசிப்பு ஆய்வுகளும் இதில் முழுமையாக உதவவில்லை. குரோவர் வைற்ஹர்ஸ்ற் முதலானோர் 1988இல் வெளியிட்ட ஆய்வு, பெற்றோர் படக்கதையை வாசிக்கும்போது கேள்வி கேட்டுக் கேட்டுச் சிறு குழந்தையையே கதை சொல்ல வைத்தால் அதன் மொழி விரைந்து வளர்கிறது என்று காட்டியது. மிகப் பயனுள்ள முடிவு. ஆனால் அத்தகைய ஆய்வுகளில் வளர்ந்தவரிடம் எல்லாம் இருக்கும், அவர் குழந்தைக்குக் கொடுப்பார். வளர்ந்தவருக்குக் குழந்தையால் ஆகவேண்டிய காரியம் எதுவும் அங்கில்லை. பேத்தியின் கண்ணை நம்பிப் பாட்டி உட்கார்ந்திருந்த நிலையும், மகளின் விளக்கத்துக்காகத் தகப்பன் காத்திருந்த நிலையும் அந்த அளவுகோலுக்குள் வரமாட்டா. பதின்வயதுப் பிள்ளையிடம் "வந்து எங்களோடு கொஞ்சம் இரு" என்று கெஞ்சும் வீடுகளை நான் அறிவேன். "நீ வராவிட்டால் இது நடக்காது" என்று உண்மையாகவே சொல்லக்கூடிய வீடுகள் குறைவு.

இந்த முடிவுக்கு எதிராக ஒன்று சொல்லலாம்: தேவை தீர்ந்ததும் கலையும் உறவு என்ன உறவு என்று. ஆனால் கலைந்தபின் அதைத் திரும்பக் கூட்டியதும் ஒரு தேவைதான், அதையும் வீட்டார் உருவாக்கவில்லை, தொலைவிலிருந்த ஒருவர் வாய்விட்டுக் கேட்டார். மற்றவரிடம் தனக்கு ஒன்று வேண்டியிருக்கிறது என்று கேட்கும் துணிவு அம்மம்மாவுக்கு இருந்திருந்தால், கண் தெளிந்த பிறகும் வாசிப்பு நின்றிருக்காது. தொந்தரவு கொடுக்கக்கூடாது என்ற நல்ல குணமே அவரைத் தடுத்தது. நம் முதியவர்கள் பலரிடம் உள்ள குணம் அது.

2024இல் தந்தை லீவில் வந்திருந்தார். அந்த வாரங்களில் ஒரு பக்கமும் வாசிக்கப்படவில்லை. நிலாவெளிக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்கும் போனார்கள், உறவினர் வீடுகளில் விருந்துண்டார்கள், கூரையைத் திருத்தினார்கள். அவர் திரும்பிப் போன பிறகு அடுத்த நூல் பற்றிய பேச்சு எழுந்தது. மகள் 2025 மார்ச்சில் சாதாரண தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை தாயார் அதைத் தள்ளிவைத்தார். இப்போது அம்மம்மா ஒரு புராணத்தை முன்வைக்கிறார். பையன் துப்பறியும் கதைதான் வேண்டும், இல்லாவிட்டால் பதிவு செய்யமாட்டேன் என்கிறான். கட்டாரில் இருந்து வந்த விருப்பம், முகாம் அறையில் இப்போது தமிழ் தெரியாத மலையாளி ஒருவரும் சேர்ந்திருப்பதால், பயன் சொல்பவர் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாக்கு இன்னும் வரவில்லை.